வாசல் கடந்த பின்: மலாயத் தமிழ்ப் பெண்ணின் பிரிவும் பாதுகாப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழில் 'வாழாவெட்டி' என்றொரு சொல் உண்டு. கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணைக் குறிக்கும் இச்சொல், அவள் எதனால் பிரிந்தாள் என்று கேட்பதில்லை. அவள் பிரிந்து செல்லக் காரணமான ஆணைக் குறிக்க இதற்கு இணையான சொல் நம் பேச்சு வழக்கில் இல்லை. ஒரு சமூகம் எதைக் குறையாகக் கருதியது என்பதற்கு அதன் சொற்களே சான்றாகின்றன. அடியும் உதையும் குறையாகக் கருதப்படவில்லை. பிரிவே குறையாகக் கருதப்பட்டது.

குடும்ப வன்முறையைப் பற்றிப் பேசுவோர், "அவள் ஏன் அந்த வீட்டை விட்டு வெளியேறவில்லை?" என்று வினவுவது வழக்கம். வெளியேறிய பின் அவளுக்கு என்ன நேர்ந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. வாசலைக் கடந்துவிட்டால் துன்பம் தீர்ந்துவிடும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் வாசலைக் கடந்த பின்வரும் காலமே பல பெண்களுக்கு மிகுந்த ஆபத்துடைய காலமாக அமைகிறது.

இக்கட்டுரையில் நாம் மலாயாவிலும், பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், கணவனின் வன்முறையிலிருந்து விலகிய பெண்ணைச் சட்டமும் சமூகமும் எவ்வாறு நோக்கின என்பதை வரலாற்று அடிப்படையில் ஆராய முற்படுகிறோம். இந்நோக்கில் மூன்று நிலைகளைக் காண முடிகிறது. பிரிந்தவளைக் கணவனிடமிருந்து கவர்ந்து செல்லப்பட்ட உடைமையாகக் கண்டது முதல் நிலை. அவளைத் திரும்பவும் கணவனுடன் சேர்த்து வைக்கப்பட வேண்டியவளாகக் கண்டது இரண்டாம் நிலை. பிரிந்து சென்ற இடத்திலேயே காக்கப்பட வேண்டிய குடிமகளாகக் கண்டது மூன்றாம் நிலை. சட்டம் ஏறத்தாழ மூன்றாம் நிலையை எட்டிவிட்டது. நம் சமூகத்தின் பெரும்பகுதி இன்னும் இரண்டாம் நிலையிலேயே நிற்கிறது என்பதும், பிரிந்த பெண்ணின் பாதுகாப்பு இவ்விடைவெளியில்தான் குலைகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

தாய்வீடு இல்லாத மண்

தமிழகத்துக் கிராமங்களில் கணவனின் கொடுமை பொறுக்க முடியாத பெண்ணுக்கு இருந்த முதல் புகலிடம் தாய்வீடு. அப்புகலிடம் முழுமையானதன்று, நிபந்தனைகள் பல கொண்டது. சில நாள்களில் அண்ணனோ மாமனோ அவளைத் திரும்ப அழைத்துச் சென்று விடுவதே பெரும்பாலும் நிகழ்ந்தது. எனினும் நடந்தோ மாட்டு வண்டியிலோ சென்றடையக் கூடிய தொலைவில் ஒரு வீடு இருந்தது. அவளுக்காக வாய்திறக்கச் சிலர் இருந்தனர். கணவனும் அதனை அறிந்திருந்தான்.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த பெண்கள் இப்புகலிடத்தை இழந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்த பின்னர், 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெறும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை கங்காணி முறையே ஆள்சேர்ப்பின் முதன்மை வழியாக விளங்கியது. கங்காணிகள் தம் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் குடும்பங்களாக ஆள் சேர்த்ததால் பெண்களின் வருகை பெருகியது. ஆயினும் 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போதுகூட மலாயா இந்தியரிடையே ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள் இல்லை. நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடையே கடல் இருந்தது. 1926இல் கட்டப்பட்டுப் பல பத்தாண்டுகள் இவ்வழியில் ஓடிய 'ரஜூலா' போன்ற கப்பல்களில் இடம்பெறப் பணம் வேண்டும். அடிபட்ட பெண் இரவோடிரவாகத் தாய்வீட்டிற்குச் செல்ல இயலாது.

தோட்டத்தின் அமைப்பும் இதற்கு வழிவிடவில்லை. குடியிருந்த லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குரியது. வேலை இருக்கும்வரைதான் வீடு. வீடு குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டதால், கணவனைப் பிரியும் பெண் அதே மூச்சில் கூரையையும், பெரும்பாலும் வேலையையும், பிள்ளைகள் படித்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியையும் விட்டு விலக நேர்ந்தது. பிரியாமல் அடுத்த லயத்தில் உறவினரோடு தங்கினால், காலைப் பெரட்டில் கணவனை நேருக்கு நேர் காண வேண்டும். அவன் பால்வெட்டும் நிரையைக் கடந்தே தன் நிரைக்குச் செல்ல வேண்டும். எங்கே இருக்கிறாள், எப்போது தனியாக இருப்பாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பிரிந்து வாழ்தலுக்கு வேண்டிய முதல் தேவையாகிய 'இடைவெளி' என்பதே தோட்டத்தில் இல்லை.

முறையிடுவதற்கு இருந்தவர் கங்காணியே. அவரும் பல வேளைகளில் கணவனின் ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருந்தார். கங்காணியும் கிராணியும் துரையும் வேலை தடைபடாமல் நடக்க வேண்டும் என்பதில் நாட்டம் கொண்டவர்கள். குடும்பச் சச்சரவை அமைதிப்படுத்துதல் என்பது அவர்களைப் பொறுத்தவரை, மறுநாள் காலையில் இருவரும் வேலைக்கு வருவதை உறுதிசெய்தலாகும்.

கவர்ந்து செல்லப்பட்ட உடைமை

இச்சூழலில் பெண்ணொருத்தி கணவனைவிட்டுப் பிரியக் கூடிய வழிகளுள் ஒன்று, மற்றோர் ஆணின் துணையோடு வேறு தோட்டத்திற்குச் செல்வதாகும். இதனைக் காலனித்துவ சட்டம் எவ்வாறு கண்டது என்பது கருதத்தக்கது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத் தொகுப்பை முன்மாதிரியாகக் கொண்டே நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. அதன் 498ஆம் பிரிவு, மணமான பெண்ணைத் தகாத உறவின் பொருட்டுக் கணவனிடமிருந்து ஆசைகாட்டி அழைத்துச் செல்வதையும் மறைத்து வைப்பதையும் குற்றமாக்கியது. குற்றவாளி அழைத்துச் சென்ற ஆண், பாதிக்கப்பட்டவன் கணவன். அப்பெண் எதற்காகச் சென்றாள், அடிக்கு அஞ்சிச் சென்றாளா, தானே விரும்பிச் சென்றாளா என்னும் வினாக்களுக்கு அப்பிரிவில் இடமில்லை. அவள் ஒருவனிடமிருந்து மற்றொருவனுக்குக் கைமாறிய பொருளாகவே கருதப்பட்டாள்.

மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த அருணிமா தத்தா, 2021இல் வெளிவந்த தம் நூலில் இத்தகைய 'மனைவியைக் கவர்தல்' வழக்குகளை எடுத்துப் பேசுகிறார். ஆவணங்கள் ஏமாற்றப்பட்ட பேதையராகக் காட்டும் பெண்கள் பலர், தம் நிலையை எடைபோட்டுத் தாமே முடிவெடுத்தவர்கள் என்பதை அவரது ஆய்வு உணர்த்துகிறது. இதனை நாம் நம் பொருளோடு இணைத்துக் காணலாம். 'கவர்ந்து செல்லப்பட்டாள்' என்னும் சொல்லாட்சி, பெண்ணின் முடிவை மட்டுமன்றி அம்முடிவுக்கான காரணத்தையும் மறைத்துவிட்டது. கணவனின் வன்முறை ஆவணத்தின் பின்புறத்திற்குத் தள்ளப்பட்டு, அவனது இழப்பே முன்வைக்கப்பட்டது.

இப்பிரிவு காலனித்துவ ஆட்சியோடு மறைந்துவிடவில்லை. விடுதலைக்குப் பின்னரும் மலேசியத் தண்டனைச் சட்டத் தொகுப்பில் நீடித்தது. கணவன் மட்டுமே முறையிடக்கூடிய இப்பிரிவு பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டுவதாகவும் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதிக்கு முரணானதாகவும் கூறிக் கூட்டரசு நீதிமன்றம் அதனைச் செல்லாததாக அறிவித்தது 2023 டிசம்பரில்தான். முதல் நிலையின் சட்ட எச்சம் மறைவதற்கு இவ்வளவு காலம் பிடித்தது.

கள்ளும் சீர்திருத்தமும்

தோட்டங்களில் பெண்கள் பட்ட துன்பத்தை அக்காலத் தமிழர் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று கூறுவதும் தவறாகும். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தங்களின் கோரிக்கைகளுள், தோட்டக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும், மேலதிகாரிகள் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தன. போருக்குப் பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவின் ஹார்வார்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம்.சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடை மறியலைத் தன் முதன்மைப் பணியாகக் கொண்டது.

இவ்வியக்கங்கள் நம் வரலாற்றின் பெருமைக்குரியவை. கள்ளுக்குச் செலவான கூலி வீட்டுக்கு வந்தபோது பெண்களும் பிள்ளைகளும் பயனடைந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றின் பார்வைக்கு ஓர் எல்லை இருந்தது. வன்முறைக்கு வெளியாரும் கள்ளுமே காரணம் எனக் கருதப்பட்டது. கள்ளை நிறுத்தினால் கணவன் திருந்துவான், குடும்பம் நிலைக்கும் என்பதே சீர்திருத்தத்தின் அடிப்படை நம்பிக்கை. குடியாத கணவனும் அடிப்பதுண்டு. குடித்தவனும் துரையை அடிக்காமல் மனைவியைத்தான் அடிக்கிறான். இதனை எண்ணிப் பார்த்தால், கள் வன்முறையைக் கூட்டுவதேயன்றி அதற்கு வேராக அமைவதில்லை என்பது புலனாகும். திருந்தாத கணவனை விட்டு விலகிய பெண்ணை எங்கே வைத்துக் காப்பது என்னும் வினாவுக்கு இச்சீர்திருத்தச் சிந்தனையில் விடை இல்லை. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்னும் பழமொழி மேடைகளிலும் பஞ்சாயத்துகளிலும் அவ்விடையின் இடத்தை நிரப்பியது.

சேர்த்து வைக்கும் சட்டம்

விடுதலைக்குப் பிந்திய திருமணச் சட்டங்கள் பெண்களுக்குப் பெரும் உரிமைகளைத் தந்தன. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனமும், மலேசியாவில் 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டச் சீர்திருத்தத் (திருமணம், மணவிலக்கு) சட்டமும் முஸ்லிம் அல்லாதாரிடையே ஒருதார மணத்தையும் பதிவுத் திருமணத்தையும் கட்டாயமாக்கின. இந்து வழக்கப்படி மணந்த பெண்களுக்கும் நீதிமன்றம் வழியாக மணவிலக்குப் பெறும் தெளிவான பாதை திறந்தது.

ஆயினும் மலேசியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு நம் கவனத்திற்குரியது. இருவரும் இணங்கிக் கூட்டாக விண்ணப்பித்தாலன்றி, மணவிலக்கு மனுவுக்கு முன் தம்பதியர் சமரசக் குழுவொன்றின் முன் செல்ல வேண்டும். அக்குழு அரசின் திருமணத் தீர்ப்பாயமாக இருக்கலாம். சமயம், இனம், குலம், சங்கம் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் அமைத்த குழுவாகவும் இருக்கலாம். சிக்கலைத் தீர்க்க அதற்கு ஆறு மாதம் வரை காலம் உண்டு. வழக்கறிஞர்கள் அதன்முன் தோன்ற இயலாது. கணவன் இருக்குமிடம் தெரியாமை, வெளிநாட்டில் இருத்தல், நீண்டகாலச் சிறை போன்றவை விலக்குகளாகக் கூறப்பட்டுள்ளன. அப்பட்டியலில் வன்முறை தன் பெயரால் இடம்பெறவில்லை. குழுவின்முன் செல்வது நடைமுறைக்கு ஒவ்வாததாக்கும் 'விதிவிலக்கான சூழ்நிலை' எனும் பொதுத் தொடருக்குள் நுழைந்தே அது இடம் தேட வேண்டும்.

இதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். அஞ்சி ஓடி மறைந்திருக்கும் ஒரு பெண், குறித்த நாளில், குறித்த நேரத்தில், குறித்த கட்டடத்திற்கு வருவாள் என்பது கணவனுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்படுகிறது. உள்ளே குழுவினர் முன்னிலையில் அவன் பணிவாகப் பேசலாம். வாயிற்படியிலும் வாகன நிறுத்துமிடத்திலும் அவள் தனித்திருப்பாள். அங்கிருந்து அவள் செல்லும் பேருந்தைப் பின்தொடர்வது அரிதன்று. சேர்த்து வைக்கும் நல்லெண்ணத்தில் பிறந்த விதி, மறைவிடத்தைக் காட்டிக்கொடுக்கும் விதியாகவும் மாறக்கூடும்.

அதே சட்டத்தின் 103ஆம் பிரிவு இதற்கு ஒரு மாற்றைத் தருகிறது. மணவிலக்கு வழக்கு நடக்கும்போதும், தீர்ப்புக்குப் பின்னரும்கூட, ஒருவர் தம் துணைவரையோ முன்னாள் துணைவரையோ வலிந்து அணுகுவதையும் தொல்லை தருவதையும் தடுக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. மணம் முறிந்த பின்னரும் தொல்லை தொடரக்கூடும் என்பதை மலேசியச் சட்டம் அன்றே உணர்ந்திருந்தமைக்கு இது சான்றாகும். ஆனால் வழக்கறிஞரை அமர்த்தி உயர்நீதிமன்றத்தை நாடக்கூடியவர்க்கே இவ்வுரிமை எட்டியது. தோட்டத்திலிருந்து ஒரு பையோடு வெளியேறியவளுக்கு அது தொலைவில் இருந்தது.

முகவரி இல்லாத வீடு

சட்டம் எட்டாத இடத்தில் முதலில் எட்டியது அடைக்கல இல்லம். 1971இல் இலண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிட்சி தொடங்கிய இல்லம், இக்கால அடைக்கல இல்லங்களுக்கு முன்னோடியாக அமைந்தது. மலேசியாவில் 1982இல் தொடங்கப்பெற்ற பெண்கள் உதவி அமைப்பு, அடிபட்ட பெண்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்குமான அடைக்கல இல்லத்தை இந்நாட்டில் முதன்முதலாக நடத்தியது. இவ்வில்லங்களின் முகவரி வெளியிடப்படுவதில்லை என்பது தற்செயலானதன்று. பிரிந்த பின்னரே தேடல் தொடங்குகிறது என்னும் பட்டறிவின் விளைவு அது. நாம் மேலே கூறிய 'இடைவெளி' இங்கேதான் முதன்முறையாக ஒரு நிறுவனத்தின் வடிவத்தைப் பெற்றது. தாய்வீடு தரமுடியாத ஒன்றையும் அது தந்தது. தாய்வீட்டின் முகவரி கணவனுக்குத் தெரியும். அடைக்கல இல்லத்தின் முகவரி தெரியாது.

இவ்வில்லத்தை நாடியோரில் இந்தியப் பெண்களின் பங்கு, மக்கள்தொகையில் இந்தியரின் பங்கைவிடத் தொடர்ந்து மிகுதியாகவே இருந்து வந்துள்ளது. இதனைக் கொண்டு தமிழ்க் குடும்பங்களில்தான் வன்முறை மிகுதி என முடிவுகட்டுதல் பொருந்தாது. அடைக்கல இல்லத்தை நாடுவோரின் எண்ணிக்கை வன்முறையின் அளவை மட்டும் காட்டுவதன்று. வேறு புகலிடம் இல்லாமையின் அளவையும் காட்டுகிறது. 1980களிலிருந்து தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறியபோது, பல குடும்பங்கள் நகரத்தின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. கங்காணியின் கட்டுப்பாடு மறைந்தது. லயத்தில் அடுத்த வீட்டிலிருந்து கதவைத் தட்டிய பாட்டியும் மறைந்தார். கடல் கடந்தபோது இழந்த தாய்வீட்டை இரண்டாம் முறையும் இழந்ததாகவே இதனைக் கொள்ளலாம்.

1994ஆம் ஆண்டுச் சட்டம்

1985 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவில் பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த பட்டறையும் கண்காட்சியும் நடைபெற்றன. பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கப் பெண்கள் பிரிவும் பிறரும் ஒன்றிணைந்த கூட்டு நடவடிக்கைக் குழுவே அதனை நடத்தியது. அங்கிருந்து புறப்பட்ட கோரிக்கை, ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பின் பின் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமாக வடிவெடுத்தது. அது நடைமுறைக்கு வர மேலும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1996 ஜூன் 1ஆம் நாளே அது செயற்படத் தொடங்கியது.

இச்சட்டத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு பின்னணி தேவை. மலேசியாவில் முஸ்லிம்களின் குடும்பச் சட்டம் மாநிலங்களின் அதிகாரத்திற்குட்பட்டது. குற்றவியல் சட்டம் கூட்டரசின் அதிகாரத்திற்குட்பட்டது. எல்லாச் சமயப் பெண்களுக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்பதில் பெண்கள் அமைப்புகள் உறுதியாக இருந்தன. அதன் பொருட்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் தண்டனைச் சட்டத் தொகுப்போடு இணைத்துப் படிக்கப்பட வேண்டிய சட்டமாக இயற்றப்பட்டது. இதனால் அனைவருக்கும் பொதுவான காப்பு கிடைத்தது. ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. பாதுகாப்பு ஆணை காவல்துறைப் புகாரோடும் புலனாய்வோடும் கட்டப்பட்டது. இடைக்காலப் பாதுகாப்பு ஆணை புலனாய்வுக் காலத்திற்கு மட்டுமே உரியது. புலனாய்வு முடிந்தால் ஆணையும் முடியும். பெண்ணின் அச்சம் முடிந்ததா என்பது வேறு வினா. குற்றச்சாட்டு சுமத்தப்பட்டு வழக்கு நடந்தால் பாதுகாப்பு ஆணை பன்னிரண்டு மாதம் வரை வழங்கப்படலாம். மேலும் பன்னிரண்டு மாதம் நீட்டிக்கப்படலாம்.

இக்குறைகளிருப்பினும், நம் பொருளுக்கு மூன்று கூறுகள் இன்றியமையாதவை. முதலாவதாக, இச்சட்டம் தொடக்கத்திலேயே 'முன்னாள் துணைவர்' என்பவரையும் காப்புக்குரியவராகச் சேர்த்தது. இரண்டாவதாக, சமய, வழக்காற்றுச் சடங்கின்படி மணந்து பதிவு செய்யாத துணைவரையும் துணைவராகவே ஏற்றது. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்த தமிழ்ப் பெண்களுக்கு இது பெருங்காப்பு. 'பதிவு இல்லை, ஆகவே உரிமை இல்லை' என்று கணவன் மிரட்டினால் அது இச்சட்டத்தின்முன் செல்லாது. மூன்றாவதாக, வெளியேறியவளின் அன்றாட வாழ்வை இச்சட்டம் கருத்தில் கொண்டது. அவள் தங்கும் வீடு, பணியிடம், பள்ளி ஆகியவற்றில் அவன் நுழையாதிருக்க நீதிமன்றம் ஆணையிடலாம். தொலைபேசி, கடிதத் தொடர்பைக் கட்டுப்படுத்தலாம். அமலாக்க அதிகாரியின் துணையோடு அவள் பழைய வீட்டிற்குச் சென்று தன் உடைமைகளை எடுத்துவர வழிசெய்யலாம். விட்டுவந்த பிறப்புச் சான்றிதழுக்காகவும் பள்ளிச் சீருடைக்காகவும் தனியே திரும்பிச் செல்லும் பெண் எத்தகைய ஆபத்துக்குள் செல்கிறாள் என்பதை உணர்ந்தவர்களே இவ்விதியை எழுதியிருக்க முடியும்.

சிங்கப்பூர் வேறு பாதையில் சென்றது. நியமன நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த மருத்துவர் கன்வல்ஜித் சோயின் 1995இல் குடும்ப வன்முறை மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. எனினும் அதன் கருத்துகள் பல 1996ஆம் ஆண்டு மாதர் சாசனத் திருத்தத்தில் இடம்பெற்று, 1997இல் நடைமுறைக்கு வந்தன. அங்கே பாதுகாப்பு ஆணை உரிமையியல் முறையில், குற்ற வழக்கைச் சாராமல், நேரடியாக நீதிமன்றத்தில் கேட்டுப் பெறத்தக்கது. உடனடி ஆபத்து இருப்பின் எதிர்தரப்பு வருமுன்னரே விரைவு ஆணை வழங்கப்படலாம். அங்கும் முன்னாள் துணைவர் காப்புக்குரியவரே. கணவன் சிறைசெல்வதை விரும்பாமல், அவன் தன்னை அணுகாதிருந்தால் போதும் என எண்ணும் பெண்ணுக்கு இவ்வழி எளிதாகிறது.

பிரிவும் ஆபத்தும்

பிரிவுக்குப் பின்னரே ஆபத்து கூடுகிறது என்னும் கூற்றுக்கு ஆய்வுகள் துணைநிற்கின்றன. அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்த்தா மகோனி, மனைவி பிரிவதைத் தடுக்கவும் பிரிந்ததற்காகப் பழிவாங்கவும் திரும்ப வரச் செய்யவும் நிகழும் தாக்குதலுக்கு 1991இல் தனிப்பெயர் சூட்டினார். தமிழில் அதனைப் 'பிரிவுத் தாக்குதல்' எனலாம். பெயர் இல்லாத குற்றத்தைச் சட்டம் காண்பதில்லை என்பதே அவரது வாதத்தின் சாரம். ஜாக்குலின் கேம்பல் முதலானோர் அமெரிக்காவின் 11 நகரங்களில் மேற்கொண்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு, மிகுந்த கட்டுப்பாடு செலுத்தும் துணைவரோடு சேர்ந்து வாழ்ந்து பின் பிரிந்த பெண்கள் கொல்லப்படும் ஆபத்து ஏறத்தாழ ஒன்பது மடங்கு கூடுவதாகக் கண்டறிந்தது. அந்நாட்டு எண்ணை அப்படியே நம் நாட்டிற்குப் பொருத்த இயலாது. ஆனால் அது காட்டும் உண்மை பொதுவானது. வன்முறையின் நோக்கம் கட்டுப்படுத்துதல். பிரிவு அக்கட்டுப்பாட்டை உடைக்கிறது. ஆகவே பிரிவின்போது வன்முறை தணிவதற்கு மாறாகச் சீறியெழக்கூடும்.

பின்வந்த திருத்தங்களை இவ்வுண்மையைச் சட்டம் படிப்படியாக ஏற்றதன் வரலாறாகவே நாம் காணலாம். மலேசியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உளவியல், உணர்வு சார்ந்த துன்புறுத்தலையும் வன்முறையாக ஏற்றது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், 2018 ஜனவரி 1 முதல், அவசரகாலப் பாதுகாப்பு ஆணையைக் கொண்டுவந்தது. சமூகநலத் துறையின் அதிகாரம்பெற்ற அதிகாரி, விண்ணப்பம் கிடைத்த இரண்டு மணி நேரத்திற்குள் இதனை வழங்கலாம். ஏழு நாள்கள் அது செல்லும். இதற்குக் காவல்துறைப் புகார் முன்தேவையன்று. வெளியேறிய முதல் வாரமே நெருக்கடியான வாரம் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது. சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டின் தொல்லை தடுப்புச் சட்டம் பின்தொடர்ந்து அலைக்கழித்தலைக் குற்றமாக்கியது. மலேசியாவில் 2023இல் தண்டனைச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்ட 507அ பிரிவு, ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தும் தொடர்பு கொண்டும் அச்சுறுத்துவதைக் குற்றமாக்கியது. கணவனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். ஒருவன் வீட்டெதிரே நின்றுகொண்டிருந்தால் 'அவன் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே' என்று கூறிப் புகாரைத் தட்டிக்கழிக்கும் நிலைக்கு இப்பிரிவு மாற்றாக அமைகிறது. 498ஆம் பிரிவு வீழ்ந்ததும் 507அ பிரிவு பிறந்ததும் ஒரே ஆண்டில் என்பது குறிப்பிடத்தக்கது. பிரிந்த பெண்ணைக் கணவனின் இழப்பாகக் கண்ட சட்டம் மறைந்த ஆண்டிலேயே, அவளது அச்சத்தைக் கண்ட சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சமூகத்தின் இடம்

சட்டம் இவ்வளவு தொலைவு வந்தும், பிரிந்த பெண்ணின் இருப்பிடம் கணவனுக்கு எவ்வாறு தெரியவருகிறது? பெரும்பாலும் நம் வழியாகத்தான். கோயில் நிருவாகத்தில் உள்ள பெரியவர், இரு வீட்டாருக்கும் பொதுவான மாமா, பள்ளியில் பிள்ளையின் இடமாற்றத்தைக் கேட்டறிந்த அண்டைவீட்டார், திருமண வீட்டில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் பகிர்ந்த உறவினர் ஆகியோர் தீய எண்ணம் உடையவர்கள் அல்லர். 'சேர்த்து வைக்கிறோம்' என்னும் நல்லெண்ணமே அவர்களை இயக்குகிறது. கங்காணியின் காலத்துப் பஞ்சாயத்து, கங்காணி மறைந்த பின்னரும் நம் மனத்தில் தொடர்கிறது. நீதிமன்றம் விலகியிருக்க ஆணையிட்ட ஒருவனை, உறவினர் தீபாவளிக்கு அழைத்துவந்து அவள் எதிரில் அமர்த்துகிறார்கள்.

வரலாறு நமக்கு உணர்த்தும் நடைமுறைப் பாடங்கள் எளியவை. பிரிந்தவளின் முகவரி அவளுக்கே உரிய உடைமை. அதனைச் சொல்லும் உரிமை வேறு எவர்க்கும் இல்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், மருத்துவ அறிக்கை, ஆணையின் நகல் ஆகியவற்றைப் பாதுகாப்பான ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படைக்க உதவுதல் வேண்டும். பிள்ளையின் பள்ளித் தலைமையாசிரியர்க்கு ஆணையின் நகல் தரப்பட வேண்டும். பிள்ளையை யார் அழைத்துச் செல்லலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பிள்ளையைக் காணும் உரிமை தந்தைக்கு இருப்பின், அப்பொழுது பெற்றோர் இருவரும் தனித்துச் சந்திக்காத வகையில் ஏற்பாடு செய்தல் வேண்டும். சமரசக் குழுவில் அமரும் நம் சங்கத்தார், பாதுகாப்பு ஆணை உண்டா என்பதை முதற்கேள்வியாகக் கேட்டு, இருவரையும் வெவ்வேறு நேரத்தில் அழைத்துப் பேசலாம். மலேசியாவில் தாலியன் காசே 15999, சிங்கப்பூரில் தேசிய வன்முறைத் தடுப்பு உதவித் தொலைபேசி 1800-777-0000 ஆகிய எண்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் பூசை நேரத்திற்கு அருகில் இடம்பெறுவதால் ஆலயத்தின் மாண்பு குறையாது.

முடிவுரை

மலாயத் தமிழ்ப் பெண், கடல் கடந்தபோது தாய்வீட்டை இழந்தாள். தோட்டம் அவளுக்குக் கூரை தந்தது, இடைவெளி தரவில்லை. காலனித்துவ சட்டம் அவள் பிரிவைக் கணவனின் இழப்பாக எழுதிவைத்தது. விடுதலைக்காலச் சட்டம் அவளுக்கு மணவிலக்கு உரிமையைத் தந்து, அதன் வாயிலில் சமரசக் குழுவை அமர்த்தியது. அடைக்கல இல்லமும், 1994ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் திருத்தங்களும் அவள் வாசல் கடந்து சென்ற தொலைவுக்குச் சட்டத்தை மெல்ல மெல்ல இழுத்து வந்தன. ஒவ்வோர் அடியும் பெண்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்றது.

எஞ்சியிருப்பது நம் பங்கு. பிரிந்த பெண்ணுக்குச் சட்டம் ஏழு நாளோ, பன்னிரண்டு மாதமோ காப்பளிக்கலாம். அதன்பின் வரும் ஆண்டுகளில் அவள் வாழ்வது நம்மிடையேதான். அவளைத் திரும்பச் சேர்த்து வைப்பதற்கு முன், அவள் எங்கே அச்சமின்றி உறங்க முடியும் என்று கேட்கும் சமூகமாக நாம் மாறும்போதுதான், 'வாழாவெட்டி' என்னும் சொல் நம் அகராதிகளில் மட்டும் வாழும் பழஞ்சொல்லாக ஆகும்.